ஒற்றைக் கை மிருக வைத்தியர் ஆர்னல்ட் தைலர்

நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர்களில் ஒருவர் மாடு வளர்ப்பவர். சுவிஸின் ஆர்காவ் மாநிலத்தில் ஒரு மலைச்சரிவில் அவருடைய பண்ணை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பற்றுச்சீட்டுகளைச் சப்பாத்துப் பெட்டி ஒன்றில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். சென்றமுறை அந்தப் பெட்டிக்குள் ஓர் ஆய்வுகூடத்தின் பட்டியல் கிடந்தது. 12 நாகுகளுக்கு இரத்தப் பரிசோதனை, நோயின் பெயர் நீலநாக்கு. எல்லைக்கு அப்பால் உள்ள ஒருவருக்கு அந்த மாடுகளை விற்கப் பேசி முடித்திருந்தார். பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் லொறி புறப்பட முடியாது. மாடுகள் எல்லாம் கொழுகொழுவென்று நிற்கின்றன, பிறகு எதற்கு இந்தத் தண்டச் செலவு என்பது அவருடைய மனக்குறை.

இதை எந்தக் கணக்கில் பதிவது என்று தெரிந்துகொள்ளத்தான் நோயைப் பற்றித் தேடத் தொடங்கினேன். தேடிய இடமெல்லாம் ஒரு பெயர் வந்தது. ஆர்னல்ட் தைலர். தென்னாபிரிக்காவின் புகழ்பெற்ற மிருக வைத்திய விஞ்ஞானி. பிறந்த இடத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஃபிரிக். நான் வேலைக்குப் போகும் ரயில் ஒவ்வொரு காலையும் நின்று புறப்படும் அதே ஃபிரிக். இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு போகிறேன். இப்படி ஒருவர் அங்கிருந்து போனார் என்று தெரியாமல் போய்விட்டது.

தைலர் பிறந்தது 1867 மார்ச் 26. தந்தை பள்ளிக்கூட ஆசிரியர். மகன் பேர்ணிலும் சூரிச்சிலும் மிருக வைத்தியம் படித்து 1889இல் பட்டம் பெற்றார். லூசேர்ன் மாநிலத்தில் பெரோமுன்ஸ்டர் என்ற சிற்றூரில் சிறிது காலம் தொழில் செய்தார். அது அவருக்குப் போதவில்லை. 1891இல், 24 வயதில், கப்பலேறித் தென்னாபிரிக்காவுக்குப் போனார். அன்று சுவிஸ் நாடு இன்றைய சுவிஸ் அல்ல. பிழைப்புத் தேடி ஆட்கள் வெளியேறிய நாடு அது. எங்களைப் போல் உயிருக்குப் பயந்து ஓடியவர் அல்ல தைலர். ஆனாலும் படித்த படிப்புக்குப் புதிய நாட்டில் மதிப்பில்லாமல் கிடைத்த வேலையைச் செய்த கதை அவருக்கும் உண்டு. கணக்கியல் பட்டத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு உணவகத்தில் கோப்பை கழுவியவனுக்கு அந்தப் பகுதி நன்றாக விளங்கும்.

டிரான்ஸ்வால் குடியரசின் தலைநகர் பிரிட்டோரியா. வைத்தியராக அங்கே யாரும் அவரைத் தேடவில்லை. பக்கத்தில் ஐரீன் என்ற பெரிய பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் தீவனம் வெட்டும் இயந்திரத்தில் இடது கை சிக்கியது. கையை இழந்தார். மாட்டையும் குதிரையையும் பிடித்து மடக்கி, ஊசி போட்டு, அறுத்துப் பார்க்க வேண்டிய தொழிலுக்கு ஒரு கையோடு என்ன செய்வது? ஊர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை. மிச்சமிருந்த கையாலேயே நுணுக்குக்காட்டியையும் ஊசியையும் கையாளப் பழகினார்.

1893இல் ஜோஹானஸ்பேர்க் தங்கச் சுரங்கப் பகுதியில் பெரியம்மை பரவியபோது நல்ல அம்மைப்பால் கிடைக்காமல் அரசு திண்டாடியது. தைலர் கன்றுக்குட்டிகளில் அம்மைப்பால் தயாரித்துக் கொடுத்தார். அவரை ஊர் அறிந்தது அதன் பிறகுதான். அவருக்காகக் காத்திருந்த எம்மா ஜெக்கேயும் கடல் கடந்து வந்து சேர, குடும்பம் அங்கேயே வேரூன்றியது.

அடுத்து வந்தது பேரிடி. 1896இல் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய், தமிழில் வெக்கை நோய் என்பார்கள், வடக்கிலிருந்து லிம்போப்போ ஆற்றைக் கடந்து இறங்கியது. அன்றைய தென்னாபிரிக்காவில் சரக்கு ஏற்றியது மாட்டு வண்டி. அந்த வண்டி மாடுகளே நோயையும் இழுத்துக்கொண்டு போயின. வழியெல்லாம் மாடு செத்து விழுந்தது. வேலி போட்டார்கள், காவல் நிறுத்தினார்கள், நோய் நிற்கவில்லை. அரசு மிருக வைத்தியராக நியமிக்கப்பட்டிருந்த தைலரும் நேட்டாலைச் சேர்ந்த ஹேர்பர்ட் வொட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டும் சேர்ந்து, நோயிலிருந்து மீண்ட மாட்டின் இரத்தநீரைக் கொண்டு மற்ற மாடுகளைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார்கள்.

இந்த இடத்தில் ஈழத்தவர்கள் ஒன்றை நினைவுகூர வேண்டும். பல தசாப்தங்களாக ரிண்டர்பெஸ்ட் இல்லாமல் இருந்த இலங்கைக்கு அது 1987இல் திரும்பி வந்தது. இந்திய அமைதிப்படையின் இறைச்சித் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்தது என்று மிருக வைத்திய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அந்த வருடம் எங்களுக்கு வேறு சாவுகளை எண்ணவே நேரம் போதவில்லை. வடக்குக் கிழக்கில் மாடுகள் ஏன் செத்தன என்று அப்போது யார் கேட்டார்கள்? பிற்பாடு வாசித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

1899இல் போயர் யுத்தம் மூண்டது. தைலர் போயர் படையின் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் வைத்தியம் பார்த்தார். போயர்கள் தோற்றார்கள். பிரிட்டிஷார் புதிய ஆட்சியாளர்களாக வந்து அமர்ந்தார்கள். தோற்ற பக்கத்தில் வேலை செய்தவரை அவர்கள் வெளியே தள்ளவில்லை. பிரிட்டோரியாவுக்கு அருகில் டாஸ்போர்ட்டில் இருந்த ஆய்வுகூடத்தில் வேலையைத் தொடர விட்டார்கள். ஆட்சி மாறியதால் தொழிலையும் வீட்டையும் பறிகொடுத்த சமூகத்தில் வந்தவன் என்பதால், இந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெள்ளையர் என்பதும் அதில் ஒரு காரணம்தான்.

இனிமேல்தான் என் பண்ணைக்காரரின் பட்டியலுக்கு உண்மையான விடை இருக்கிறது.

யுத்தமும் ரிண்டர்பெஸ்டும் சேர்ந்து மாடுகளை அழித்துவிட்டதால் வெளியிலிருந்து மாடு வாங்க வேண்டியிருந்தது. 1901, 1902இல் கிழக்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து பெய்ரா துறைமுகம் வழியாக மாடுகள் வந்திறங்கின. பார்வைக்கு நல்ல மாடுகள். யாரும் எதையும் சோதிக்கவில்லை. சோதிப்பதற்கு என்ன இருக்கிறது என்பதே அப்போது தெரியாது. சிறிது காலத்தில் ரொடீசியாவிலும் டிரான்ஸ்வாலிலும் மாடுகள் காய்ச்சல் கண்டு, மூச்சு வாங்கி, கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின.

இது அங்கே ஏற்கெனவே இருந்த சிவப்பு மூத்திர நோயின் கடுமையான வடிவம் என்று பலர் நினைத்தார்கள். 1903இல் ரொடீசிய அரசு ரொபர்ட் கோக்கையே புலவாயோவுக்கு அழைத்தது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த கோக் சொன்னால் அந்நாளில் மறுபேச்சு இல்லை. இது தனியான நோய் என்பதைக் கோக்கும் ஏற்றுக்கொண்டார். ஆனால் மீண்ட மாட்டின் இரத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் மற்ற மாடுகளுக்குக் காப்புக் கிடைக்கும் என்று நம்பினார். களத்தில் அது பலிக்கவில்லை.

தைலர் வேறு திசையில் போனார். சிவப்பு மூத்திர நோய் வந்து பிழைத்த மாடுகளும் இந்தப் புதிய நோயில் சாவதைக் கண்டார். நோயுற்ற மாட்டின் இரத்தத்தை எடுத்து நல்ல மாட்டுக்கு ஏற்றிப் பார்த்தார், நோய் வரவில்லை. அப்படியென்றால் இடையில் வேறொன்று வேலை செய்கிறது. கேப் காலனியில் சார்ல்ஸ் லவுன்ஸ்பரி என்ற பூச்சியியலாளர் அது பழுப்பு நிற உண்ணி என்று நிரூபித்தார். தைலரின் சோதனைகளும் உண்ணிகளையே காட்டின. பின்னர் அந்த ஒட்டுண்ணி இனத்துக்கே தைலரின் பெயரை வைத்தார்கள். தைலீரியா. தமிழ்நாட்டில் கலப்பினப் பசு வளர்ப்பவர்களைக் கேட்டால் தைலீரியாக் காய்ச்சல் என்ற பெயரை உடனே அடையாளம் காண்பார்கள். அது அதே இனத்தின் வேறொரு வகை. ஃபிரிக் ஆசிரியரின் குடும்பப் பெயர் நம் தொழுவங்கள் வரைக்கும் வந்திருக்கிறது.

உண்ணி என்று தெரிந்தால் கதை முடிந்துவிடாது. இந்த உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை மாட்டில் ஏறும். ஒருமுறை இரத்தம் குடித்ததும் கீழே விழும். புல்லில் கிடந்து தோலுரித்து வளரும். பிறகு அடுத்த மாட்டில் ஏறும். நோயுள்ள மாட்டில் குடித்த உண்ணி, தோலுரித்த பின் ஏறும் மாட்டுக்கு நோயைக் கொடுக்கும். ஆகவே மாடு போனாலும் நோய் புல்வெளியில் மாதக்கணக்கில் காத்திருக்கும். அன்றைய கணிப்பில், ஏறத்தாழ 15 மாதம் மாடே இல்லாமல் விட்டால் அந்த நிலம் சுத்தமாகும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. மாட்டை அங்கேயே விட்டால் சாகும். வேறு இடத்துக்கு ஓட்டினால் நோயும் கூடவே போகும். பண்ணையாளன் என்ன செய்வது?

டிரான்ஸ்வாலிலும் நேட்டாலிலும் மிருக வைத்தியத் துறையினர் கைக்கொண்ட வழி வெப்பமானி முறை. நோயிருக்கும் நிலத்திலிருந்து மந்தையை முதலில் ஒரு சுத்தமான அடைப்புக்குள் கொண்டுவருவார்கள். அங்கே ஒவ்வொரு மாட்டுக்கும் தினமும் காய்ச்சல் பார்ப்பார்கள். மாடு மேய்கிறதா, அசைபோடுகிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. வெப்பமானி ஏறினால் அந்த மாடு அன்றே கொல்லப்படும். காரணம் இதுதான். உண்ணிக்குத் தொற்றக்கூடிய வடிவில் ஒட்டுண்ணி மாட்டின் இரத்தத்துக்கு வருவதற்குச் சில நாள் முன்னரே காய்ச்சல் வந்துவிடும். அந்தச் சில நாள் இடைவெளியில் மாட்டை நீக்கிவிட்டால், அதில் குடிக்கும் உண்ணி வெறும் இரத்தத்தைத்தான் குடிக்கும். அப்படியும் ஒன்றிரண்டு தவறினால், கீழே விழுந்த உண்ணி தோலுரித்து வளர வாரங்கள் ஆகும். அதற்கு முன் மீதி மந்தையை இன்னொரு சுத்தமான நிலத்துக்கு மாற்றிவிடுவார்கள். பழைய நிலம் வேலியடைத்து வெறுமையாகக் கிடக்கும்.

இதை வாசித்தபோது எனக்குள் இருந்த கணக்காளன் எழுந்து உட்கார்ந்தான். கையிருப்புச் சரிபார்ப்பு என்று நாங்கள் செய்வது இதைத்தான். புத்தகத்தில் 200 மூடை என்று இருக்கிறதா, களஞ்சியத்துக்குப் போய் எண்ணிப் பார். மேலாளரின் முகத்தைப் பார்த்து நம்பாதே. அதோடு இன்னொன்றும் உண்டு. ஐந்தொகை என்பது ஒரே ஒரு நாளின் நிலைமை. மார்கழி 31இல் சரியாக இருந்த நிறுவனம் தை 15இல் வங்குரோத்து ஆகலாம். அந்த வைத்தியர்கள் ஒரு நாள் காய்ச்சல் பார்த்துவிட்டு மாட்டை அனுப்பவில்லை. நாள் நாளாகப் பார்த்தார்கள், சுத்தமான இடத்தில் வைத்துப் பார்த்தார்கள், உண்ணியின் நாட்காட்டியையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பரிசோதனை, காலம், இடம் மூன்றில் ஒன்று தவறினால் மற்ற இரண்டும் வீண்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் கிழமை என்னையும் வரிசையில் நிற்க வைத்து நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். எதற்கென்று எங்கள் பாசையில் யாரும் சொல்லவில்லை, முடிவையும் சொல்லவில்லை. மாட்டைச் சோதிப்பதுபோல் சோதிக்கிறார்கள் என்று அன்று மனம் கொதித்தது. இன்று யோசித்தால் சோதித்ததில் எனக்குக் கோபமில்லை. சொல்லாமல் செய்ததுதான் உறுத்துகிறது.

தென்னாபிரிக்காவிலும் அதுதான் நடந்தது, மிகப் பெரிய அளவில். மாட்டை நகர்த்தத் தடை, கட்டாயமாக மருந்துத் தொட்டியில் முக்குதல், அதற்குக் கட்டணம் என்று கிழக்குக் கரைக் காய்ச்சலின் சட்டங்கள் எல்லோருக்கும் பொது என்று எழுதப்பட்டன. ஆனால் அதன் முழுப் பாரம் கறுப்பின மக்களின் தலையில் விழுந்தது. அவர்களுக்கு மாடுதான் சேமிப்பு, மாடுதான் சீதனம், மாடுதான் ஏர். விற்கவும் முடியாது, ஓட்டிச் செல்லவும் முடியாது என்றால் வங்கியைப் பூட்டியதற்குச் சமம். 1914இல் கிழக்கு கிரிக்குவாலாந்தில் மக்கள் கிளர்ந்தெழுந்து மருந்துத் தொட்டிகளை உடைத்தார்கள். அறிவியல் சரியாகத்தான் இருந்தது. மாட்டின் சொந்தக்காரனிடம் அதை எடுத்துச் சொல்லி, அவனுடைய இழப்பை ஈடுசெய்யத்தான் அரசுக்கு மனம் வரவில்லை. தைலர் அந்த அரசின் பெரிய உத்தியோகத்தர். அவருடைய வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்; எனக்கு அது நேர்மையாகப் படவில்லை. நோய் தென்னாபிரிக்காவை விட்டு முற்றாக நீங்க 1950களின் நடுப்பகுதி ஆனது.

நீலநாக்கு நோய்க்கு வருகிறேன். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மெரினோ செம்மறிகள் கேப் பகுதியில் இந்த நோயில் விழுந்தன. காய்ச்சல், வாயில் புண், வீங்கி நீலம் பாரிக்கும் நாக்கு, நொண்டல். பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் நுண்கிருமியே, அதாவது வைரஸே, இதற்குக் காரணம் என்று 1905, 1906 காலத்தில் தைலர் காட்டினார். அந்த வைரஸைச் செம்மறியிலிருந்து செம்மறிக்கு மாற்றி மாற்றி வீரியம் குறைத்துத் தடுப்பூசியும் செய்தார். அது குறையுள்ள ஊசிதான். நோயில் பல வகை உண்டு என்பது அவருக்குத் தெரியாது. இன்று 24க்கும் மேற்பட்ட வகைகளை அறிவோம். ஆனாலும் நாற்பது ஆண்டுபோல் அதுவே பயன்பட்டது. ஆட்டுக்கு ஆடு தொட்டுப் பரவாத இந்த நோய் எப்படிப் பரவுகிறது என்பதை 1944இல், தைலர் இறந்து எட்டு வருடம் கழித்து, அவர் உருவாக்கிய நிறுவனத்திலேயே டு டொய்ட் என்பவர் உறுதிசெய்தார். நுளம்பைவிட மிகச் சிறிய, கடிக்கும் கொசு வகை ஒன்று. ஆபிரிக்கக் குதிரை நோயைப் பரப்புவதும் அதே கொசு இனந்தான். தமிழ்நாட்டில் மழைக்காலத்தை ஒட்டிச் செம்மறிகளை வாட்டுவதும் இதே நீலநாக்குத்தான்.

அந்த நிறுவனத்தின் பெயர் ஒண்டர்ஸ்டபோர்ட். 1908இல் பிரிட்டோரியாவுக்கு வடக்கே தைலர் அதைத் தொடங்கினார். மாட்டு இரத்த அணுக்களில் அனாபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை 1910இல் கண்டது, அதன் மென்மையான ஒரு வகையைக் கொண்டு கடுமையான வகைக்குக் காப்புக் கொடுத்தது, மண்ணில் பொஸ்பரஸ் குறைவதால் மாடு எலும்பைக் கடிக்கப் போய் நஞ்சேறிச் சாகிறது என்று விளங்கப்படுத்தியது என்று அங்கே அவர் செய்தவற்றை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. 1914இல் சேர் பட்டம் கிடைத்தது. 1920இல் நாட்டின் முதல் மிருக வைத்தியப் பீடத்துக்குத் தலைவரானார். 1927இல் ஓய்வு பெற்றார். 1936 ஜூலை 24 லண்டனில் காலமானார்.

மகள் கெர்ட்ரூட் வாழ்நாள் முழுவதும் ஆபிரிக்க உண்ணிகளையே ஆராய்ந்து உலகம் மதிக்கும் நிபுணரானார். கடைசி மகன் மக்ஸ் 1899இல் பிரிட்டோரியாவில் பிறந்தவர். நுளம்பு பரப்பும் மஞ்சள் காய்ச்சலுக்கு அமெரிக்காவில் தடுப்பூசி கண்டுபிடித்து, 1951இல் நோபல் பரிசு பெற்றார். உண்ணியும் நுளம்பும் கொசுவும் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆபிரிக்க நோய் என்றிருந்த நீலநாக்கு 2006 ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஜேர்மனியிலும் தோன்றியது. மறு வருடம் சுவிஸுக்கு வந்தது. தடுப்பூசி போட்டு அடக்கினார்கள். 2024இல் புதிய வகையோடு திரும்பி வந்தது. மனிதருக்கு அது தொற்றாது. இறைச்சிக்கும் பாலுக்கும் பயமில்லை. ஆனால் செம்மறி சாகும். மாடு பெரும்பாலும் எந்தக் குறியும் காட்டாமல் வைரஸை வாரக்கணக்கில் இரத்தத்தில் வைத்திருக்கும். அந்த மாட்டை லொறியில் ஏற்றி நோயில்லாத ஊரில் இறக்கினால், அங்கிருக்கும் கொசு மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். கொசுவுக்கு எல்லைச் சாவடி கிடையாது, மாட்டுக்கு உண்டு. அதனால்தான் மாட்டை நிறுத்திப் பி.சி.ஆர். பரிசோதனை செய்கிறார்கள். இரத்தம் எடுத்த பிறகும் கொசு கடிக்கலாம் என்பதற்காக, பல இடங்களில் பூச்சித் தடுப்பு மருந்து தெளித்து, புறப்படும்வரை அடைத்து வைக்கவும் சொல்கிறார்கள். வெப்பமானிக்குப் பதில் இன்று சோதனைக் குழாய்.

பண்ணைக்காரருக்கு இதையெல்லாம் என் உடைந்த ஜேர்மன் மொழியில் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் ஆனது. தைலரின் பெயரை அவரும் கேள்விப்பட்டதில்லை. ஃபிரிக்கா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு மடித்து வைத்திருந்த இன்னொரு தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார். ஆய்வுகூடத்தின் முடிவு. 11 நாகுகளுக்கு இல்லை, ஒன்றுக்கு உண்டு. அந்த ஒன்றுதான் மந்தையிலேயே நல்ல நாகு என்றார். அதைப் பிடித்துப் பண்ணையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார்.

12 பரிசோதனைகளின் செலவையும் விற்பனைச் செலவில் பதிந்தேன். விற்காத நாகுக்கு ஆன பங்கை வேறு கணக்கில் போட வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம், அதுவும் இந்த விற்பனைக்காகச் செய்ததுதான் என்று சொல்லிப் பெட்டியை மூடினேன்.